நான்காவது கட்டத்தில் ஒரு கோடு

என் அருமை அப்பாவுக்கு,

நல்லூர் பொதுமக்கள் சார்பில் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: உங்கள் மொபெட்டின் ஹாரன் பேருந்து நிறுத்தம் அருகே இயற்கை எய்தியது. இனி நான் வாயாலேயே ‘பீம் பீம்’ என்று கத்தித்தான் ஓட்ட வேண்டும். லைசென்ஸ் எங்கே என்று கேட்காதீர்கள்.

அந்த வண்டியில்தான் போன வாரம் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்கு ஒரு தபால் கார்டு வந்திருந்தது. நுரையீரல் புற்றுநோய்க்கு அங்கே வந்தவர்களின் பழைய சீட்டுகளை எடுத்து எண்ணுகிறார்களாம். உங்கள் சீட்டில் ஏதோ குறைகிறதாம். அம்மா பனியன் கம்பெனிக்குப் போயிருந்ததால் கார்டை நானே அமுக்கிவிட்டேன்.

பயமா? எனக்கா? கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். ரெக்கார்டு அறையில் ஒரு டாக்டரம்மா, கூரை வரை சீட்டுக் கட்டுகள், கோடு போட்ட நோட்டு. இந்த நோயில் பல வகை, வகைக்கு வகை மருந்து வேறாம். எது எத்தனை பேருக்கு என்று பார்க்க, சீட்டுக்கு ஒரு கோடு போடுகிறார். ஒரு வகையின் பெயர் ஸ்மால் செல். “சார்ஜ் எத்தன நாளைக்கு நிக்குமுங்க?” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நோட்டில் மூன்று கட்டங்கள் வகைகளுக்கு. நான்காவதன் தலைப்பு ‘தெரியாது’. உங்கள் கோடு அங்கே இருந்தது, அப்பா.

“சதை எடுத்துப் பரிசோதனை பண்ணியிருக்கு. முடிவு மட்டும் சீட்டுல இல்ல. வாங்கீட்டுப் போனீங்களா கண்ணு?”

நான் பேச்சை மாற்றினேன். “இந்தத் தெரியாதவங்கள உட்டுட்டு எண்ணுனா என்னங்க மேடம்?”

“கணக்கு பொய்யாயிரும். மத்தவங்க மாதிரியேதான் இருப்பாங்கன்னு மூணு வகைக்கும் பங்கு போடவும் முடியாது. முடிவு வாங்க வராதவங்கள்ல பாதிப் பேரு பயந்தவங்க. மீதிப் பேரு வர்றதுக்குள்ள போயிடறாங்க. வேகமாக் கொல்ற வகைதான் இந்தக் கட்டத்துல ஒளிஞ்சிருக்குதோன்னு எனக்குச் சந்தேகம்.” நிமிர்ந்து பார்த்தார். “ஊட்டுல வேற யாருக்காச்சும் இருமல் இருக்குதா?”

“எங்கூட்டுல கொசுவத்தி மட்டுந்தானுங்க பொகையுது.”

ஒன்றரை மாதமாக அம்மா இருமுகிறார், அப்பா. கேட்டால், “பஞ்சுச் சளி சாமி, மாத்திரை போட்டாப் போயிரும்” என்கிறார். நீங்கள் சொன்ன அதே பேச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் நின்றால் இன்னும் பயமாக இருக்கிறது. அடுத்தது வரும்வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கால்மேல் கால் போட்டதெல்லாம் கால் நடுங்கியதால்தான். அந்த முடிவை வாங்க நீங்கள் அனுப்பியது என்னைத்தானே? வாங்கினேன். ஒட்டிய கவர். கையில் கனத்தது. வீட்டுக்கு வந்து, “இன்னும் ரெடியாகலீங்கப்பா, அங்க மிஷின் ரிப்பேராம்” என்றேன். நிட்டிங் மிஷினோடு காலமெல்லாம் மல்லுக்கட்டிய நீங்கள் மூச்சு வாங்கச் சிரித்தீர்கள்: “அங்கயும் ஊசி ஒடைஞ்சு போச்சா?”

அடுத்த வாரம் நீங்கள் இல்லை. அன்றே கொடுத்திருந்தால் மருந்து மாறியிருக்குமா? டாக்டரம்மாவிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை. “வாங்கலீங்க” என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். கவர் என் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் இருக்கிறது. அந்தப் புத்தகத்தைத்தான் நான் தொடவே மாட்டேன்.

நாளைக் காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, கவரோடு அவரையும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போகிறேன். இது சத்தியம். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கவரை மட்டும் என்னைப் பிரிக்கச் சொல்லாதீர்கள், அப்பா.

உங்கள் ஒரே மகன், பயந்தாங்கொள்ளி
செந்தில்