ஹாஜி தொழுது முடிக்கட்டும்

இந்த அலெக்சாந்திரியாப் பள்ளிவாசலில் மனிதனைவிட விளக்குக்குத்தான் மதிப்பு. உங்களுக்கு என் சலாம், அம்மா. முழங்கால் வலி குறைந்ததா?

கூரை பூசும்போது நம் ஊர் ஷாத்லி சாரத்திலிருந்து வழுக்கிவிட்டான். மணல் குவியலில் விழுந்ததால் கை மட்டும்தான் பிசகியது, பயப்படாதீர்கள். இடுப்பில் கட்ட நான் கயிறு கேட்டதற்கு, நிர்வாகி ஹாஜி துசூகி சிரித்தார்.

"தெற்கத்தி ஆளுக்கு மண்டை கல்லுடா. நீ விழுந்தா என் தரைதான் உடையும்."

புதுத் தொங்குவிளக்குக்கு மட்டும் இரட்டைச் சங்கிலி போட்டிருக்கிறார்.

என் கம்பளிச் சட்டையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். வெயிலில் புளிக்கவைத்த நம் வீட்டு ரொட்டியும் வேண்டும். இங்கே சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லை.

நாளை ஷாத்லி இடத்தில் நான் ஏறுகிறேன். அதனால் இன்று மறுபடி கேட்கப் போனேன். என்னைக் கண்டதும் ஹாஜி தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்துவிட்டார். தொழுகிறவர் பேசக் கூடாதல்லவா? சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் கயிறு என்று வாயெடுத்தேன். உடனே எழுந்து அடுத்த தொழுகைக்குக் கை கட்டினார். மதியம் லுஹர் தொழுகையிலிருந்து இதே கதை. அவர் பின்னால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இதோ சலாம் கொடுக்கிறார். முடிக்கிறேன் அம்மா. உங்கள் மகன், ஹம்மாம்.

பி.கு.: "ஹாஜி, கயிறு தருவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மறுபடி கை கட்டிவிட்டார்.