உம்மாவுக்கு ஒரு டோர்ச்

ராத்தா,

உங்கள் தையல் மெஷின் லாச்சியை இழுத்ததும் முதலில் வந்தது மெஷின் எண்ணெய் வாசம். அதற்குப் பின்னால் வந்தவை எல்லாம் நான் வாங்கித் தந்த டோர்ச்சுகள்.

மழை பிடித்து மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போய்விட்டது. உம்மா கைகால் கழுவி வுளூச் செய்யக் கீழே பைப்படிக்கு இறங்க வேண்டும் என்று நின்றா. நான் மெழுகுதிரி தேடி உங்கள் அறைக்குள் போனேன். அங்கேதான் கண்டேன். ஒவ்வொன்றையும் வெட்டி மிஞ்சிய அபாயாத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைக் கிடத்தின மாதிரி வரிசையாக வைத்திருக்கிறீர்கள். ரேடியோவும் பாடுகிற ஒன்று. தலையில் பட்டியோடு கட்டுகிற ஒன்று. பொலிஸ்காரன் இடுப்பில் தொங்குவது போலக் கறுப்பாக, நீளமாக ஒன்று. அதை உம்மாவால் இரண்டு கையாலும் தூக்கக்கூட ஏலாது. நான்தான் வாங்கி வந்தேன், பெருமையாக.

அதில் ஒன்றுகூட எரியவில்லை. சார்ஜ் இல்லை. சார்ஜ் பண்ணும் வயர்களை நீங்கள் தனியாக ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தீர்கள். எது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் என் போன் வெளிச்சத்தில்தான் உம்மாவை இறக்கினேன். அதுவும் நடுவில் யாரோ கோல் எடுத்து, வெளிச்சம் என் கண்ணில் அடித்து, இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ராத்தா, அந்த டோர்ச்சுகளை வாங்கின கதை எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொன்றும் நான் வராமல் விட்ட ஒரு நாளுக்கு வாங்கியது. நோன்பு திறக்க வருகிறேன் என்று சொல்லி வராததற்கு ரேடியோ டோர்ச். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மத்தியானம் தாண்டி வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு ஓடியதற்குத் தலை டோர்ச். கண்டியில் இருந்து மகாவலிப் பாலம் தாண்டி இந்தக் கட்டுகஸ்தோட்டைக்கு வருவது என்ன மக்காவுக்குப் போகிற பயணமா? ஆனால் நான் வீட்டில் கதிரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டே உங்களுக்குப் போன் எடுத்து, "பாலத்தில வாகனம் அசையுதே இல்ல ராத்தா" என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் ஒரு நாளும் சண்டை பிடிக்கவில்லை. "சரி சரி. பாலத்துக்கு என்ட ஸலாத்தச் சொல்லு" என்பீர்கள். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். நானும் சிரிப்பேன். தெரிந்துகொண்டுதான் சொல்கிறீர்கள் என்பது எனக்கும் தெரியும். அடுத்த தடவை இன்னும் விலை கூடின டோர்ச்சாகப் பார்த்து வாங்குவேன்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடிந்தது. சோற்றுச் சஹன்களைக் கழுவிக் கவிழ்த்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு நான் உம்மாவிடம் பேச்சை எடுத்தேன். என் லீவு முடிகிறது, கண்டிக்கு என் வீட்டுக்கு வாங்க, அங்கே எல்லாம் உள்ளேயே இருக்கிறது, படி இறங்கத் தேவையில்லை என்று. உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கேட்டா. முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னா:

"எனக்கு ஏலுமான ஒரு டோர்ச் வாங்கித் தா மகள். அது இருந்தா நான் இந்த ஊட்டுலயே ஈப்பேன்."

"உம்மா, தனிய எப்டி?"

"பக்கத்து ஊட்டு மெனிக்கே படுக்க வாறேன்னு சொல்லிட்டா. விடிய முந்தி சுபஹுக்கு எறங்கி வுளூச் செய்ய வெளிச்சம் மட்டும்தான் கொற. படிக்கட்டு லைட்டுந்தான் மழை வந்தா செத்துப் போகுதே."

அப்படித்தான் இது ஒரு டோர்ச்சில் வந்து நின்றது. உம்மா தனியாக டோர்ச் பிடித்து இறங்கி ஏறினால் இங்கே இருப்பா. ஏலாது என்றால் என்னோடு வருவா. அதுதான் பேச்சு. நான் சரி என்றேன். மனதுக்குள் என்ன நினைத்தேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். உம்மாவால் ஏலாமல் போக வேண்டும் என்று நினைத்தேன். அவ விழ வேண்டும் என்றல்ல, அல்லாஹ் பாதுகாக்க வேண்டும். பட்டனைத் தேடித் தடவி, சலித்து, "எனக்கு ஏலா மகள், ஒங்கட ஊட்டுக்கே வாறேன்" என்று சொன்னால் போதும். என் வேலை இலகுவாகிவிடும். இந்தப் பாலத்தையே இனி தாண்ட வேண்டியதில்லை. பெற்ற உம்மாவைப் பற்றி இப்படி நினைக்கிற மகளை என்ன சொல்லித் திட்டுவீர்களோ, திட்டுங்கள்.

ஆனால் டோர்ச்சை மட்டும் ஏமாற்றி வாங்கவில்லை. கண்டியில் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தலை நரைத்த மனிதர், தேயிலைத் தோட்டத்துப் பக்கத்திலிருந்து டவுனுக்கு வந்தவர் போலப் பேச்சு.

"வாங்கம்மா. இத பாருங்க, அந்த மலை வரைக்கும் அடிக்கும்" என்று ஒன்றை எடுத்தார்.

"எங்கட உம்மாக்கு மலை வேணாம். படிதான் வேணும்."

சிரித்துவிட்டு வேறொன்றை எடுத்தார். ஒரு தடவை அமுக்கினால் பெரிய வெளிச்சம், இரண்டாம் தடவை சின்ன வெளிச்சம், மூன்றாம் தடவை மின்னி மின்னி எரிந்தது, நான்காம் தடவை சிவப்பு. அணைக்க எத்தனை தடவை அமுக்க வேண்டும் என்று அவரே குழம்பிவிட்டார். நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. நான் தந்த டோர்ச் ஒன்று இப்படி மின்னத் தொடங்கி, அணைக்கத் தெரியாமல் நீங்கள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தீர்களாம். "ஊட்டுக்குள்ள கலியாண வீடு மாதிரி ஈந்திச்சு" என்றீர்கள். அன்று நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கடையில் நின்றபோது சிரிப்பு வரவில்லை. தலையணைக்கு மேலே உங்கள் தலையும் கீழே மின்னுகிற வெளிச்சமுமாக நீங்கள் எப்படித் தூங்கியிருப்பீர்கள்?

பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டேன். உம்மாவின் விரல்களைப் போல என் விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். கடைக்காரர் என்ன நினைத்தாரோ. அமுக்குகிற பட்டன் எல்லாம் உம்மாவின் பெருவிரலுக்குக் கல். சார்ஜ் குத்துகிற துளை ஊசிக்கண் மாதிரி இருந்தவற்றையும் தள்ளிவிட்டேன். வுளூச் செய்த ஈரக்கையில் வழுக்கக்கூடாது என்று அவரிடம் தண்ணீர் கேட்டுக் கையை நனைத்துக்கொண்டும் பிடித்துப் பார்த்தேன்.

"யாருக்குங்கம்மா இவ்வளவு பாக்குறீங்க?"

"எங்கட உம்மாக்கு. இதுக்கு முன்னால பாக்காம வாங்கிட்டேன்."

அவர் உள்ளே போய்ப் பழைய பெட்டி ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். பாரம் இல்லை. பட்டனை மேலே தள்ளினால் எரியும், கீழே இழுத்தால் அணையும். வேறு வித்தை ஒன்றும் இல்லை. சுவரில் பொருத்துகிற ஒரு தட்டு இருக்கிறது, அதில் நிறுத்தி வைத்தால் தானாகச் சார்ஜ் ஆகும். கையில் எடுக்கும்போதே தெரிந்தது, வாப்பா காலத்து பற்றரி டோர்ச் மாதிரியே இருக்கிறது என்று. உம்மாவின் விரலுக்குப் பழகின பட்டன். இத்தனை வருடமாக இது கண்டியில் இருந்திருக்கிறது ராத்தா. நான் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

உம்மா வீட்டுக்கு வந்து உங்கள் துணித் துண்டு ஒன்றில் மணிக்கட்டுக்கு ஒரு வளையம் தைத்துக் கட்டினேன். என் தையல் உங்களுக்குத் தெரியும்தானே. கோணல்தான். உம்மா தடவிப் பார்த்துவிட்டு, "இது அவட கை இல்ல" என்று மட்டும் சொன்னா.

மறுநாள் மஃரிபுக்குப் படிக்கட்டு லைட்டை அணைத்துவிட்டு, "நீங்க முன்னுக்குப் போங்க உம்மா, நான் பின்னால வாறேன்" என்றேன். உம்மா சுவரில் பொருத்தின தட்டில் இருந்து டோர்ச்சை எடுத்தா. தேடவே இல்லை. பெருவிரலால் தள்ளினா, எரிந்தது. இழுத்தா, அணைந்தது. மறுபடியும் எரிய வைத்து என்னைப் பார்த்தா, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. என் மனசுக்குள் பொத்தென்று ஏதோ விழுந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு அப்படித்தான் இருந்தது.

முதல் படியில் உம்மா பக்கவாட்டில் திரும்பி நின்றா. ஒரு கையால் சுவரைப் பிடித்தா. டோர்ச்சைப் பின்னுக்குத் திருப்பி என் காலடியில் பிடித்தா. தன் காலடி கும்மிருட்டு. அப்படியே அடுத்த படிக்குக் காலை நீட்டினா.

"உம்மா! ஒங்கட காலுக்குப் புடிங்க!"

"நீதானே மகள் பொறகால வாற."

"எனக்குத் தெரியும், நீங்க ஒங்களுக்குப் புடிங்க!"

"டோர்ச் ஈக்கிறவங்க முன்னுக்குப் போய்ப் பொறகால வாறவங்களுக்குத்தான் புடிக்கிற. ராத்தா அப்டித்தானே எனக்குப் புடிச்ச."

நான் ஓடிப்போய் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நடுப்படியிலேயே இருவரும் உட்கார்ந்தோம். கல் ஈரமாக இருந்தது. உங்களுக்குப் பின்னால் எத்தனை வருடம் நடந்து நடந்து, டோர்ச் பிடிப்பது என்றால் அதுதான் என்று உம்மாவுக்குப் பழகிவிட்டது.

"அப்ப ராத்தா எப்டி எறங்கின? அவக்கு வெளிச்சம் இல்லையே?" என்று கேட்டேன்.

உம்மா டோர்ச்சை மடியில் வைத்தா. பிறகு சொன்னா: "வெளிச்சம் ஈந்தாலும் அவக்குத் தெரியா மகள். சீனி வருத்தம் கண்ணுக்கு வந்துட்டே. பொழுது பட்டா ஒண்ணும் வெளங்கா. காலால தடவித் தடவித்தான் எறங்குற."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"நான் சொல்லப் போனேன். அவதான் வாணாம்னா." உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தா. "'சொல்லாதீங்க உம்மா, சொன்னா இன்னொரு டோர்ச்சத் தூக்கிட்டு வருவா'ன்னு சொன்னா."

ராத்தா, எப்போதாவது என் காதுக்கு வந்தால் சிரிப்பேன் என்றுதானே அப்படிச் சொன்னீர்கள்? என்னால் ஏலவில்லை. ஈரப்படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். உங்கள் மையத்தை அடக்கின அன்றுகூட வந்தவர்களைக் கவனிக்கிறேன் என்று ஓடித் திரிந்ததில் அப்படி அழவில்லை. ஒரு நாள் மாலை நீங்கள் உம்மாவை இறக்கிக்கொண்டு போகையில் மேலே நின்று நான் கத்தினது காதில் கேட்டது. "என்ன ராத்தா, ஆமை மாதிரிப் போறீங்க? எனக்கு பஸ் போயிடும்!" நீங்கள் திரும்பாமலே, "ஆமைதான்டீ கடைசி வரைக்கும் போய்ச் சேரும்" என்றீர்கள். உங்கள் கால் அப்போது படியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உம்மா என் தலையைத் தடவி, "அழாத, மஃரிப் போயிடும்" என்றா. எழுந்தோம். டோர்ச்சை நான் வாங்கிக்கொண்டேன்.

நான் கண்டி வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. மகன் வெளியூரில் படிக்கிறான், வீட்டில் நானும் இவரும்தானே. இவரிடம் சொன்னேன், "சரி, சாமான்கள ஒரு ஞாயித்துக்கெழம ஏத்துவோம்" என்றார். இத்தனை இலகுவாக இருந்ததுதான் எனக்கு இன்னும் சுடுகிறது. நீங்கள் இருந்தபோதும் இதே சொல்லைச் சொல்லியிருப்பார், நான் கேட்டிருந்தால். இப்போது தினமும் காலையில் வேலைக்குப் போகையில் பாலத்தில் வாகனம் அசையாமல்தான் நிற்கிறது. நான் சொன்ன பொய் மெய்யாகிவிட்டது. பஸ்ஸில் இருந்தபடி மகாவலியைப் பார்த்து உங்கள் ஸலாத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சுபஹுக்கு நான்தான் முன்னால் இறங்குகிறேன். பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பிடித்து, டோர்ச்சை உம்மாவின் காலுக்குப் பிடித்துக்கொண்டு. எனக்குக் கண் தெரிகிறது, ஆனாலும் படி தெரிவதில்லை. பெருவிரலால் தடவித்தான் இறங்குகிறேன். நடுப்படியில் ஓர் ஓரம் உடைந்து ஒரு பள்ளம் இருக்கிறது. அந்த இடத்தில் நீங்கள் எப்போதும் "மெதுவா" என்பீர்கள். உம்மாவுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன்.

நேற்று வுளூச் செய்து ஏறும்போது உம்மா பின்னால் வந்துகொண்டே மெல்லத் துஆக் கேட்டா. "யா அல்லாஹ், என்ட மகள்ட கபுருக்குழிய வெளிச்சமாக்கி வை." உயிரோடு இருந்த உங்கள் காலுக்கு ஒரு நாள்கூட வெளிச்சம் பிடிக்காதவள், முன்னால் இருட்டில் படியைத் தடவிக்கொண்டு, ஆமீன் என்றேன்.

உங்கள் தங்கச்சி