அலுப்போடு தைத்த வெள்ளை விரிப்பு

பழக்கம் எவ்வளவு பொல்லாதது பார். வெள்ளை மல் துணியில் முதல் தையல் போட உட்கார்ந்தேன். ஊசியில் நூலைக் கோத்ததும், கை தானாகவே பெட்டிக்குள் போய், நீ வைத்துவிட்டுப் போன மெழுகுக் கட்டியை எடுத்து நூலை அதில் இழுத்தது. லாரிப் பட்டறையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவன் மெழுகு போடாத நூலைத் துணிக்குள் விடுவானா? கொஞ்ச தூரம் தைத்த பிறகுதான் மூக்கு விழித்தது. தேன்மெழுகும் டீசலும் பழைய கேன்வாஸும் கலந்த வாசம். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் வெள்ளைத் துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

பிரித்தேன், சோப்புப் போட்டுக் கசக்கினேன், வெயிலில் காய வைத்தேன். கோடு போகவில்லை. அந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, இந்த வேலையே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

உண்மையில் அந்தக் கோடு ஒரு சாக்குத்தான். பட்டறையை மூடிய பிறகு தலையணை, மெத்தை உறை என்று எதையாவது தைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வேலை மருமகள் வழியாக வந்தது. நாலு வீடு தள்ளி இருக்கும் வாணி, கைக்குழந்தையைப் படுக்க வைக்கப் பஞ்சு வைத்த விரிப்பு ஒன்று கேட்டாளாம். வெறும் வெள்ளை. பூ வேண்டாம், ஓரத்தில் கலர்ப் பட்டி வேண்டாம். மெஷின் தையல் விறைக்கும், கையால் தைக்க வேண்டும். யாரிடமும் கைகட்டி நிற்காமல், பழைய லாரி சீட் உறையைப் பிரித்துப் பிரித்துத் தொழில் கற்றவன் நான். டிரைவர் சீட்டில் ரெக்சினால் மயில் வைத்துத் தைத்தவன். என்னிடம் வந்து வெறும் வெள்ளை!

அந்த மயிலைப் பார்த்து நீ சொன்னதையும் நான் மறக்கவில்லை. "மயிலு அம்சமாத்தான் இருக்குது பங்காளி. டிரைவரு அது மேல சாஞ்சுக்கிட்டா யாரு பாக்கறது?"

பட்டறையே சிரித்தது. ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்தேன். நீயோ பக்கத்திலேயே உட்கார்ந்து தார்ப்பாயைத் தைத்துக்கொண்டிருந்தாய். ஒரே நிறம், ஒரே நேர்கோடு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை. நாமக்கல் லாரிக்காரர்கள் பட்டறைக்குள் நுழைந்ததும் கேட்பது உன்னைத்தான். என் மயிலைத் தடவிப் பார்த்துவிட்டு உன்னிடம் போவார்கள். அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் உண்டு. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதற்காக அதை விட்டுவிட மாட்டேன்.

நீ ஊசி எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்பாய். புதிதாக லாரி எடுத்த ஒருவர் அவசரமாக வந்த நாள் நினைவிருக்கிறதா?

"என்ன லோடுங்க?" என்றாய்.

"எதா இருந்தா உங்களுக்கென்னுங்க? அளவு சொல்லிட்டேன், தைங்க."

"வெங்காயம்னா காத்துப் போகோணும். சிமெண்டுன்னா பொட்டுத் தண்ணி எறங்கப்படாது. எதுன்னு தெரியாம தையல எங்கீங்க போடறது?"

அவர் என்னைப் பார்த்து, "இவரு தைக்கறவரா, போலீசுங்களா?" என்றார். முட்டை லோடு என்று தெரியும்வரை நீ துணியைத் தொடவில்லை.

நான் இந்த விரிப்பு வேலையை, வெறும் வெள்ளை எதற்கு என்று கேட்காமலே வாங்கியிருந்தேன். துணியைத் திருப்பிக் கொடுக்கப் பையோடு வாணி வீட்டுக்குப் போனபோது, அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முகம் வாடிக் கிடந்தது. பையை நீட்டுவதற்கு முன், உன் கேள்வி என் வாயில் வந்தது.

"இது எதுக்குக் கண்ணு, வெறும் வெள்ளையா?"

பிள்ளை மாதம் நிறையும் முன்பே பிறந்துவிட்டது என்றாள். மஞ்சள் காமாலையோடு சேலத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். "கலர்த் துணி மேல போட்டா மூஞ்சி மஞ்சளா இருக்குதா, வெளுத்திருக்குதான்னே எனக்குத் தெரியறதில்லீங்க தாத்தா. வெள்ளையில பளிச்சுனு தெரியுமுங்க."

உள்ளே இருந்து அவளுடைய மாமியார் குரல் கொடுத்தார். "புள்ள ஊடு வந்து சேருமுன்னே துணி தைக்கப்படாதுன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேனுங்க. கேட்டாளா?"

வாணி குரலைத் தாழ்த்தினாள். "வந்துரும்னு நெனச்சுத்தான் தாத்தா தைக்கச் சொன்னேன்."

பை என் அக்குளில் இருந்தது. அதை அப்போது அவள் கையில் கொடுத்திருந்தால், தைக்கப் போன துணியே திரும்பி வந்துவிட்டது என்று அந்த வீட்டில் பேசியிருப்பார்கள். அவள் அந்தப் பேச்சையும் சுமந்துகொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறியிருப்பாள்.

"ஒரு ஓரத்த வெட்ட வேண்டியதாப் போச்சு சாமி. அளவு கொஞ்சம் கொறஞ்சாப் பரவால்லையான்னு கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இரக்கம் வந்துவிட்டால் வேலை ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், எந்தக் கோடு தைத்தது, எது தைக்காதது என்று கண்ணுக்குப் பிடிபடாது. கண்ணுக்கு ஒரு திருப்பம் இல்லை, கைக்கு ஒரு வளைவு இல்லை. மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏனுங்க மாமா, புள்ள பள்ளிக்கோடம் போறதுக்குள்ள முடிஞ்சிருங்களா?" என்றாள். காப்பியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். பிறகு நானே எழுந்துபோய்க் குடித்தேன்.

அந்த நாட்களில் என்னைத் தூக்கி நிறுத்தியது நீ சொன்ன ஒரு பதில். உனக்கு இந்த வேலை அலுக்கவே அலுக்காதா என்று ஒருமுறை வெடித்துக் கேட்டேன். தொழிலே தெய்வம் என்று ஏதாவது சொல்வாய், வைத்து வாங்கலாம் என்று காத்திருந்தேன்.

"அலுக்காம என்ன? காலையில இருந்தே அலுப்பாத்தான் இருக்குது" என்றாய், கையை நிறுத்தாமலே. "அலுப்பா இருந்தா தைக்கப்படாதுன்னு ஆரு சொன்னா?"

அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போதுதான் அதன் பலம் தெரிகிறது. உற்சாகம் வரட்டும் என்று காத்திருந்தால் ஊசி துருப்பிடிக்கும். நீ காத்திருந்ததே இல்லை. அலுப்பையும் கூடவே உட்கார வைத்துக்கொண்டு தைத்தாய். நானும் அப்படித்தான் தைத்தேன். முணுமுணுத்துக்கொண்டே, உன்னைத் திட்டிக்கொண்டே, கோடு கோடாக. முடிச்சுகள் பிள்ளையின் முதுகில் உறுத்தாமல் எல்லாவற்றையும் பஞ்சுக்குள் இழுத்துவிட்டேன். முடித்ததும் என் கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு முடிச்சு உறுத்தியது. அந்தக் கோட்டையே பிரித்து மறுபடி தைத்தேன்.

பிள்ளை வந்துவிட்டது. கூப்பிட்டு அனுப்பினார்கள், போனேன். விரிப்பின் நடுவில் கையளவு உயிர் ஒன்று கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தது. வாணியும் மாமியாரும் தலையோடு தலை முட்டக் குனிந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாத்தா, உங்க கண்ணுக்கு எப்படிங்க தெரியுது? மஞ்ச எறங்கியிருக்குதுங்களா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெற்றி, கன்னம், உதடு எல்லாம் பார்த்தேன். "நல்லாச் செவந்து இருக்குது சாமி" என்றேன்.

விரிப்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வேலையை மதிக்காதவர்கள் வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். கோபம் இதோ வரும், இதோ வரும் என்று தெருவில் நடந்தேன். வரவில்லை. வீட்டை நெருங்கியபோதுதான் உறைத்தது. அங்கே நின்ற நேரமெல்லாம் நானும் அந்த விரிப்பைப் பார்க்கவே இல்லை.

தார்ப்பாயை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் லோடைப் பார்க்கிற அந்தப் பார்வை உன்னுடையது. நான் அதைக் கேட்டு வாங்கவில்லை. திருப்பித் தருவதாகவும் இல்லை.