கழுதைப்பாதையில் ஒரு கால்

காவோர்,
ஏப்ரல் 9, 2023

அன்புள்ள ஒதீல் அக்காவுக்கு,

தம்பி தியெரி எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் உன் திராட்சைக் கொடிகளும் அந்தக் கோபக்கார நாயும் நலம்தானே? போன் செய்தால் நீ எடுப்பதில்லை. நேரில் வந்தால் நாயை அவிழ்த்துவிடுகிறாய். ஆனால் வந்த கடிதத்தைப் பிரிக்காமல் தூக்கிப் போட உனக்கு மனசு வராது. இத்தனை வருஷம் தபால்காரனாக இருக்கிறேன், எந்த வீட்டில் எப்படி என்று எனக்குத் தெரியாதா!

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 11, ஞாயிறு, எங்கள் சங்கத்தின் சைக்கிள் பயணம். தார் ரோட்டில் இல்லை, முழுக்க மண்ணிலும் சரளையிலும். அதற்கென்றே தடித்த டயர் போட்ட கிராவல் சைக்கிளோடு இருநூறு பேர் வருகிறார்கள். லோத் ஆற்றங்கரையில் புறப்பட்டு, திராட்சைத் தோட்டங்களுக்குள் புகுந்து, மேலே மேட்டுநிலம் வரை போவதாகத் திட்டம். மேலே ஏற நல்ல வழி ஒன்றுதான். நம் மலையில் போகும் கழுதைப்பாதை.

போன வாரம் போய்ப் பார்த்தேன். பாதை பாதியாகியிருக்கிறது, அக்கா. ஒரு முழு வரிசைக் கொடியைப் பாதைக்குள்ளேயே நட்டிருக்கிறாய். மேயரம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"உங்க அக்கா அந்தப் பாதையையே விலைக்குக் கேட்டு மனு குடுத்திருக்காங்கப்பா. யாரும் நடமாடாத பாதைன்னா ஊராட்சி வித்துடலாம். ஜூலைல கூட்டம். ஏன், நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லையா?"

தினமும் பேசிக்கொள்கிறோம் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

இருநூறு பேர் அதில் ஏறிவிட்டால் அது நடமாட்டமுள்ள பாதை. பிறகு விற்க முடியாது. இதை உன் முதுகுக்குப் பின்னால் செய்ய எனக்கு விருப்பமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நீயாகவே மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டால் சந்தோஷப்படுவேன்.

அன்புத் தம்பி,
தியெரி


மொன்காப்ரியே,
ஏப்ரல் 16

தியெரிக்கு,

நாய்க்குக் கோபம் எதுவும் இல்லை. ஆளைப் பார்த்துக் குரைக்கிறது.

மேயரிடம் நீ சொன்ன பொய்யை அவள் ரொட்டிக் கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாளாம். உனக்குப் பொய் சொல்ல வராது என்று ஊருக்கே தெரியும். அந்த வேலையை விட்டுவிடு.

பாதையின் இரண்டு பக்கமும் என் கொடிகள். நடுவில் ஊராட்சியின் முட்புதர். அதையும் சேர்த்தால் ஆற்றங்கரையிலிருந்து உச்சிவரை மலை ஒரே தோட்டமாகும். அப்பா போனபோது இங்கே பாதி நிலம் கரம்பு. நீ தபால் பையை மாட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டாய். நான் இருந்தேன். ஆலங்கட்டி மழை இரண்டு தரம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனபோதும் இருந்தேன். இன்றைக்குக் காவோரில் பெரிய ஓட்டல்களில் என் கறுப்பு ஒயினைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். ஒரு நாளாவது இங்கே வந்து கொடி வெட்டக் கத்தரி பிடித்திருக்கிறாயா? இப்போது சைக்கிள் விட மட்டும் மலை வேண்டுமாக்கும்.

இன்னொன்று கேட்கிறேன். அந்த ஏற்றத்தை நீ என்றைக்காவது கால் ஊன்றாமல் ஏறியிருக்கிறாயா? நான் ஏறியிருக்கிறேன், பத்தொன்பது வயதில், பால்காரரின் இரும்பு சைக்கிளில். ஊரே கைதட்டியது. நீ ஒவ்வொரு வருஷமும் முதல் வளைவிலேயே காலைக் கீழே வைத்துவிட்டு, கால் ஊன்றினவன்தான் ஊற்ற வேண்டும் என்ற நம் ஊர் வழக்கப்படி, மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் ஒயின் ஊற்றிக்கொண்டு நின்றாய்.

சரி, பந்தயம். பயணத்துக்கு முன்னால் ஒரு நாள் நீ தனியாக வா. அடியிலிருந்து உச்சிவரை கால் ஊன்றாமல் ஏறு. ஏறிவிட்டால் மனுவை வாங்கிக்கொள்கிறேன், வரிசையையும் பிடுங்குகிறேன். கால் ஊன்றினால் உன் இருநூறு பேரும் தார் ரோட்டில் போகட்டும், ஜூலைக் கூட்டத்தில் நீயும் வாயைத் திறக்கக் கூடாது.

நான் வேடிக்கை பார்க்க வர மாட்டேன். எனக்கு வேலை இருக்கிறது. நீ எழுதுவதை நம்புகிறேன்.

ஒதீல்


காவோர்,
ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

பந்தயத்துக்குச் சம்மதம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, இடது முழங்காலில் ஒரு தரம் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, ஏறும்போது அது மிளகு அரைக்கிற மாதிரி சத்தம் போடுகிறது. இருந்தாலும் சம்மதம்.

நீ மலையைக் காப்பாற்றியதை நான் மறுக்கவில்லை. உன் ஒயினை நான் கடையில் பார்த்தால், பக்கத்தில் நிற்கிறவன் யாராக இருந்தாலும் "இது எங்க அக்கா போடறது" என்று சொல்லாமல் வந்ததில்லை. போன மாதம் ஒரு ஜெர்மன்காரருக்குச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, மரியாதைக்குத் தலையாட்டினார்.

ஆனால் ஒன்றை நினைத்துப் பார். வீடு உன்னுடையது, தோட்டம் உன்னுடையது, வாசலில் நாய் உன்னுடையது. நியாயம்தான், நீ உழைத்தாய். அந்த மலையில் யாரையும் கேட்காமல் நான் கால் வைக்கக்கூடிய இடம் கழுதைப்பாதை ஒன்றுதான். அது ஊருக்குச் சொந்தம், அதனால் எனக்கும் கொஞ்சம் சொந்தம். அதையும் நீ வாங்கிவிட்டால் நான் பிறந்த மலைக்கு விருந்தாளியாகக்கூட வர முடியாது. இருநூறு பேருக்காக மட்டும் நான் கேட்கவில்லை.

மே 20, சனிக்கிழமை காலையில் ஏறுகிறேன்.

அன்புத் தம்பி,
தியெரி


மொன்காப்ரியே,
மே 14

தியெரிக்கு,

முழங்காலுக்கு வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தேய். உன் மனைவி வாங்கித் தரும் மருந்துக்கடைக் களிம்பு எதற்கும் உதவாது.

இங்கே நான்கு நாளாக மழை. செம்மண் பிசுபிசுவென்று இருக்கிறது, மேல் பாதியில் சரளை காலை வாரும். தேதியை மாற்ற வேண்டுமானால் மாற்றிக்கொள். பிறகு மழையைச் சாக்குச் சொல்லாதே.

ஒதீல்


காவோர்,
மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ஏறினேன். கால் ஊன்றிவிட்டேன். ஒரே ஒரு தரம், உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் கடைசி வளைவில். மழையைச் சொல்ல மாட்டேன், முழங்காலையும் சொல்ல மாட்டேன். கால் கீழே வந்தால் வந்ததுதான்.

பந்தயம் உன்னுடையது. சங்கத்துக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். புதிய வழி தார் ரோட்டில். லாரிகள் போகிற ரோடு, சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் இரண்டு மூன்று பேர் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எங்கள் பொருளாளர் மட்டும் விடவில்லை. "ஏன்யா, யாரு பாத்தா? ஊனலன்னு சொல்லிட்டுப் போயிருக்க வேண்டியதுதானே?" என்றார். "எங்க அக்கா நம்பறேன்னு எழுதியிருக்கா, அவகிட்ட எப்படிய்யா சொல்றது?" என்றேன்.

ஜூலைக் கூட்டத்துக்கு நான் வர மாட்டேன். மேலிருந்து பார்த்தேன், தோட்டம் அழகாக இருக்கிறது. அப்பா காலத்தில்கூட இவ்வளவு நேராக வரிசைகள் இருந்ததில்லை.

அன்புத் தம்பி,
தியெரி


மொன்காப்ரியே,
மே 26

தியெரிக்கு,

கடிதம் கிடைத்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். நன்றி.

கொடிகளில் பூ வைத்திருக்கிறது. வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

ஒதீல்


மொன்காப்ரியே,
ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதம் உனக்கு நாளைக்கே வந்து சேர வேண்டும் என்று நானே காவோருக்கு வண்டி ஓட்டிப் போய்ப் பெட்டியில் போடுகிறேன். உன் வீட்டுக் கதவைத் தட்டலாமா என்று யோசித்தேன். தட்டினால் அழுதுவிடுவேன், அதனால் எழுத்தே போதும்.

சனிக்கிழமை கொடிகளைக் கம்பிக்குள் செருகிக்கொண்டே மேலே போனேன். பாதைக்குள் நட்ட வரிசைக்குக் கடைசியாகத்தான் வந்தேன். ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கம்பத்தையும் சாய்வாக ஒரு இழுவைக் கம்பியால் தரையில் கட்டியிருப்போம், உனக்குத் தெரியும். அந்த வரிசையின் இழுவைக் கம்பி கடைசி வளைவில், சைக்கிள் போகிற தடத்துக்கு நேர் குறுக்கே நிற்கிறது. புல் இடுப்பளவு வளர்ந்து அதை மூடியிருக்கிறது. நான் கட்டியதுதான். கட்டும்போது அங்கே யார் வரப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கம்பி வளைந்திருந்தது. உன் சைக்கிள் கைப்பிடியில் சுற்றியிருந்த நீல நாடா ஒரு முழம் அதில் கிழிந்து தொங்கியது. அந்தப் பக்கம் சரிவு எப்படி என்று எனக்குத் தெரியும், தியெரி. நீ கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் கீழே கல்லில் போய் விழுந்திருப்பாய். இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீ எழுதவில்லை.

மேயரம்மாவிடம் போனேன். அவள் என்னைப் பார்த்ததும், "உங்க தம்பி காவோர்ல ரெண்டு வாரமா கைல கட்டோடதான் தபால் குடுக்கறாரு, என்னன்னு கேட்டா கதவுல இடிச்சிக்கிட்டேன்றாரு" என்றாள். இந்தப் பொய்யையும் யாரும் நம்பவில்லை.

"என் மனுவைக் கிழிச்சுப் போடுங்க" என்றேன்.

"தம்பி ஜெயிச்சுட்டாரா?"

"தோத்துட்டான். அதான் கிழிக்கச் சொல்றேன்."

"ஒண்ணும் புரியலயே!"

"என் கம்பி தடுக்கித் தோத்திருக்கான். இப்படி ஒரு ஜெயிப்பு எனக்கு வேணாம். நான் யாருன்னு நெனச்சீங்க?"

அவள் சிரித்துக்கொண்டே கிழித்தாள். எனக்குப் பாதை போனதில் வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நேற்று அந்த வரிசையைப் பிடுங்கினேன். ஆறு வயதுக் கொடிகள், வேர் ஆழமாகப் போயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் மனசு வலித்தது. இந்த மலை ஒரே தோட்டமாக வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். கம்பத்தையும் கம்பியையும் எடுத்துவிட்டேன், புல்லை அடிவரை அறுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேரையும் இந்த வழியாகவே கூட்டிக்கொண்டு வா. பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிள்ளைக்காரர்களுக்கும் சொல்லி அனுப்பு. நாயைக் கட்டிப் போடுகிறேன்.

கேட்காமல் இருக்க முடியாத ஒன்று இருக்கிறது. மழைக்குப் பிறகு வெயில் காய்ந்து, செம்மண்ணில் உன் தடம் அச்சு மாதிரி அப்படியே இருந்தது. கீழிருந்து தொடர்ந்து பார்த்தேன். கம்பியிடம் ஒரே ஒரு ஷூ அடையாளம், ஆழமாக. அதற்கு மேல் டயர்த் தடம் இரண்டு முழம் நெளிந்து, பிறகு நேராக உச்சிவரை போகிறது. வேறு கால் அடையாளமே இல்லை. நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. கையில் ரத்தத்தோடு, நின்ற இடத்திலிருந்தே, அந்தச் செங்குத்தில், அந்தச் சரளையில் மறுபடி மிதித்து ஏறியிருக்கிறாய்.

அப்பனே, அது எப்படி முடிந்தது? ஓடுகிற வேகத்தில் ஏறுவது வேறு, அங்கே நின்றுவிட்டுப் புறப்படுவது வேறு. பத்தொன்பது வயதில் நானும் அதே வளைவில் ஒரு தரம் முயன்று பார்த்தேன், யாரும் இல்லாத நேரத்தில். முடியவில்லை. தள்ளிக்கொண்டுதான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் உச்சியில் நிற்பேன். ஊர்க்காரர்கள் எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் வருகிறவன் என் தம்பி என்று எல்லாரிடமும் சொல்லியாயிற்று.

உன் அக்கா,
ஒதீல்