ஆளுக்கொரு பெயர்

ஞாயிறு, 2 நவம்பர்

விடிந்ததிலிருந்து மழை. பதினோரு மணி வரை எதிர்மலை தெரியவில்லை. இரத்த அழுத்த மாத்திரை போட்டாயிற்று. குடைக்கம்பி ஒன்று உடைந்திருக்கிறது.

இரண்டு மணிக்கு மண்டபத்தில் விளையாட்டு. கிளம்பும்போது மருமகள் கமலா: "எழுபத்தோரு வயசுல பகட உருட்டப் போறீங்களா மாமா?" பகடை அதில் கால்வாசி என்று எப்படி விளக்குவது. ஆளுக்கு ஒரு வேடம். தாளில் அந்த வேடத்தின் பலம், பலவீனம். மற்றதெல்லாம் பேச்சு. ஊரை, காட்டை, எதிரியைப் பேசிக் காட்டுவது என் பொறுப்பு. முந்நூறு பக்க ஆங்கில விதிப் புத்தகத்தைக் கடைசி வரை படித்தவன் நான் ஒருவன்தான், அதனால் என் தலையில் விழுந்தது.

வந்தவர்கள்: தமிழ்ப்பள்ளி டீச்சர் (திருடி வேடம்), பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நசீர் பாய் (மந்திரவாதி), நம் தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சேகர் (புனித வீரன்).

போன வாரம் என் அரக்கனைப் பார்த்துச் சிரித்தார்கள். பாய் சொன்னது இன்னும் காதில்: "அண்ணே, உங்க அரக்கன் லீவு லெட்டர் கேக்குற மாதிரி பேசுறான்லா." உண்மை. முப்பத்து நான்கு வருடம் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. எனக்குக் கர்ஜிக்க வராது.

ஆகவே இன்று அரக்கன் இல்லை. மலைமேல் ஒரு கோட்டை. பனிக்காலம். உணவு எல்லோருக்கும் போதாது. வாயிலோன் என்று ஒருவன், கதவுச் சாவி அவனிடம். கோபப்படமாட்டான், வாளைத் தொடமாட்டான். ஒரு மண்பானையை நடுவில் வைத்து, ஊராரைப் பார்த்து, "ஆளுக்கொரு பெயர் எழுதிப் போடுங்கள். அதிகம் வந்த பெயருக்கு மட்டும் கதவு திறக்கும், வெளியே போக. நான் யாரையும் அனுப்பவில்லை" என்கிறான்.

என் சொந்தக் குரலிலேயே சொன்னேன்.  தகரக் கூரையில் மழை மட்டும். பாய் தேநீரைக் குடிக்க மறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு சேகர்: "இவன் எந்தக் கட்டம்யா?"

தாளில் ஒன்பது கட்டம் உண்டு. நல்லவன், நடுவன், கெட்டவன். ஒவ்வொன்றிலும் ஒழுங்கைக் காப்பவன், கட்டுப்படாதவன், இடையில் நிற்பவன். வாயிலோன் ஒழுங்குள்ள கெட்டவன் என்றேன்.

"அவன் ஒண்ணுமே பண்ணலையே? ஊரே தானே முடிவு பண்ணுது."

டீச்சர்: "அதான் சேகர் அவன்ட்ட பயமே."

வெளியே வரும்போது பாய் என் முதுகில் தட்டினார். வீடு வரை நிமிர்ந்து நடந்தேன். வெட்கமாக இருக்கிறது, எழுதிவைக்கிறேன்: மகிழ்ச்சி.

திங்கள், 3 நவம்பர்

மூடுபனி. குடையைச் சரிசெய்தேன், கம்பி இன்னும் வளைந்தே இருக்கிறது. மகன் போன் செய்தான்; காய்கறி லோரியோடு கோலாலம்பூரில், அடுத்த வார வெள்ளிக்கிழமைதான் வருவான்.

அடுத்த ஞாயிறுக்கான குறிப்பு எழுதினேன். பானை திறக்கப்படுகிறது. வாயிலோன் எல்லோருடைய கையெழுத்தும் அறிந்தவன். யார் யாரை எழுதினார்கள் என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, அன்பாகச் சொல்கிறான். அதற்குப் பிறகு அந்த ஊரில் இரண்டு பேர் சேர்ந்து நிற்கவே முடியாது.

இதை எழுத இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அடித்தல் திருத்தல் இல்லை. எங்கிருந்து வந்தது?

வாயிலோனை வீழ்த்த வழி என்ன என்று ஒரு தலைப்பு போட்டேன். கீழே எதுவும் எழுதவில்லை.

வியாழன், 6 நவம்பர்

கமலா கொழுந்து பறித்துவிட்டு நாலரைக்கு வந்தாள். கால் கழுவாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு சரோஜா வழக்கம்போல் கூட வரவில்லை.

"காலைல பெரட்டுல பேரு கூப்புடறப்ப சேகரு பிஸ்கட் டின் ஒண்ணு கொண்டாந்து வச்சான் மாமா. புது மிஷின் வருதாம். எங்க பதினாலு பேர்ல ஒருத்தவங்க வேணாமாம். ஆளுக்கொரு பேரு எழுதிப் போடுங்க, யாரு எழுதினதுன்னு யாருக்கும் தெரியாதுங்கறான்."

நான்: "போட்டீர்களா?"

"திங்கக்கெழமைக்குள்ள போடணும்." காலில் ஒட்டிய சேற்றைச் சுரண்டியபடி: "வேல போனா லயத்து வீடும் போயிரும்ல மாமா?"

போய்விடும். வேலை நின்றால் தோட்டம் கொடுத்த வீட்டைத் திருப்பித் தர வேண்டும். அந்தக் கடிதங்களை நானே எத்தனை தட்டச்சு செய்திருக்கிறேன்.

அவளிடம் டின் யோசனை யாருடையது என்று சொல்லவில்லை. 

வெள்ளி, 7 நவம்பர்

மழை விட்டது. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போனேன். சேகர் தராசுக்குப் பக்கத்தில். மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வாக்கியம்: "அந்த டின்னை எடுத்துவிடு." வாயில் வந்தது: "மழை விட்டிருக்கு, இல்லையா."

அவனே ஆரம்பித்தான். தனியே கூட்டிப்போய்: "ஐயா, நீங்க இல்லன்னா நான் செத்தேன்லா. மாசக் கடைசிக்குள்ள ஒரு பேரு குடுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. எல்லாம் அக்கா, சின்னம்மான்னு கூப்புடுறவங்க. நான் யாருன்னு சொல்றது? ரெண்டு வாரமா தூக்கமில்ல. ஞாயித்துக்கெழம நீங்க சொன்னீங்க பாருங்க, அப்பதான் மூச்சு வந்துச்சு."

"சேகர், அவன் கெட்டவன்."

"கெட்டவன் கையில இருந்தா கெட்டது. நான் நல்லதுக்குத்தானே செய்யறேன்?" சிரிக்கிறான். "என் தாள்ல என்ன எழுதியிருக்கு? ஒழுங்குள்ள நல்லவன்."

கேலி இல்லை, நம்பிச் சொல்கிறான். போன வருடம் மண் சரிந்தபோது என்னை முதுகில் சுமந்து இறக்கியவன் இவன்தான். வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன்.

வழியில் பார்த்தது: கொழுந்துக் கூடையோடு வரும் பெண்கள். எப்போதும் கூட்டமாக, சத்தமாக வருவார்கள். இன்று ஆளுக்கு ஆள் பத்தடி தூரம்.

ஞாயிறு, 9 நவம்பர்

போகலாமா வேண்டாமா என்று ஒன்றரை வரை. போனேன்.

டீச்சருக்கும் பாய்க்கும் விஷயம் தெரிந்திருந்தது. டீச்சர் பகடையைத் தொடவே இல்லை.

"வெளையாட்டுல வந்தத எடுத்துட்டுப் போயி மனுசங்ககிட்ட செய்வாங்களா சேகர்?"

"டீச்சர், நீங்களே சொல்லுங்க அப்ப. யார அனுப்பலாம்? ஒரு பேரு சொல்லுங்க."

டீச்சர் தன் தாளைக் கவிழ்த்து வைத்தார். பாய் பகடையைப் பைக்குள் போட்டபடியே: "தம்பி, கெட்டவன நடிச்சுக் காட்டுனா அவனப் பாத்து பயப்படணும். நீ சம்பளத்துக்குல்ல எடுத்துக்கிட்ட."

 எல்லோரும் ஒருமுறை என்னையும் பார்த்தார்கள். சரிதான். பயப்படும்படி வரைந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். பயன்படுத்தும்படி வரைந்திருக்கிறேன். அரக்கனாகவே விட்டிருந்தால் யார் எடுத்துப் போயிருக்கப் போகிறார்கள்.

மற்ற இருவரும் போனபின் சேகர் நாற்காலிகளை அடுக்க உதவினான். மெதுவாக: "ஐயா, பானையத் தொறந்த பெறகு வாயிலோன் என்ன செய்வான்?"

குறிப்புப் புத்தகம் என் கையிலேயே இருந்தது.

"இன்னும் எழுதவில்லை" என்றேன். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சிறு துண்டுகளாக்கி மூன்று இடத்தில் போட்டேன்.  மாத்திரை இரண்டாவது முறை போட்டுவிட்டேனோ என்று சந்தேகம். எண்ணிப் பார்த்தேன், இல்லை.

செவ்வாய், 11 நவம்பர்

பி.ப. 3. சேகர் வீட்டுக்கே வந்தான், கக்கத்தில் பிஸ்கட் டின். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ரெண்டு பேருக்கு சமமா விழுந்திருக்கு. சரோஜாக்காவுக்கு அஞ்சு, மாரியாயி சின்னம்மாவுக்கு அஞ்சு. மத்தது ஒண்ணு ஒண்ணா." டின்னை மேசையில் வைத்தான். "ஐயாவுக்கு எல்லார் கையெழுத்தும் தெரியும். லீவு பாரம் எத்தன வருசம் பாத்திருக்கீங்க. யாரு யார எழுதினதுன்னு சொல்லுங்க. சண்ட வச்சு எழுதினத கழிச்சிருவோம். அப்பத்தானே நியாயம்?"

கிழித்த பக்கம் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. நியாயம் தேடியே அங்கு வந்துவிட்டான்.

இந்த முறை சொன்னேன். முன்கூட்டிச் சொல்லிப் பார்க்காமலே: "யாரும் யாரையும் அனுப்ப வேண்டாம் என்று ஆபீஸில் போய்ச் சொல். முடியாதென்றால் பெயரை நீ சொல். உன் வாயால். டின் சொல்லக் கூடாது."

அவன் கண் கலங்கிவிட்டது. "என்னால முடியாதுங்கய்யா. நாளைக்குப் பெரட்டுக்கு முன்ன சொன்னா போதும்." டின்னை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

3.20: டின்னை அலமாரி மேல் வைத்தேன்.

3.35: கீழே இறக்கினேன். எண்ணிக்கை சரியா என்று பார்க்க மட்டும், என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படி யாரும் கேட்கவில்லை.

மேலே இருந்த ஒரு சீட்டைப் பிரித்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம். தினமும் எனக்கு வீட்டுக்கான கடைச் சாமான் எழுதிக் கொடுக்கும் கை. "சரோஜா."

மற்றவற்றைத் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.

நாலரைக்குக் கமலா வந்தாள். தேநீர் கொடுத்தாள். நான் கோப்பையைப் பார்த்தே வாங்கிக்கொண்டேன்.

புதன், 12 நவம்பர்

கா. 5.30. குளிக்க வெந்நீர் போடும் விறகடுப்பில் டின்னைக் கவிழ்த்தேன். பதினான்கு சீட்டு எரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கா. 6.15. பெரட்டுக்களம். நல்ல மூடுபனி, கடைசி வரிசை தெரியவில்லை. எத்தனை வருடமாயிற்று அங்கே நின்று. இருமிவிட்டுச் சொன்னேன்: இந்த டின் யோசனை என்னுடையது. ஒரு விளையாட்டில் ஒரு கெட்டவனுக்காகச் செய்தேன். செய்திருக்கக் கூடாது. சீட்டுகளை எரித்துவிட்டேன்.

 பனிக்குள்ளிருந்து ஒரு குரல், யாருடையது என்று தெரியவில்லை: "எரிச்சாரு, சரி. படிச்சிட்டுத்தானே எரிச்சிருப்பாரு?"

அதற்குப் பிறகு ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கமலாவும்.

சேகர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.  பிறகு அவன் வாயாலேயே சொன்னான்: "சரோஜாக்கா." முட்டி வலி, கொழுந்து எடை குறைவு, வீட்டுக்கு வருடக் கடைசி வரை தவணை. தலை நிமிரவில்லை. மாரியாயி அழுதுவிட்டாள், எதற்கு என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

இதுதான் நடந்தது. டின் இருந்திருந்தாலும் இதுவேதான் நடந்திருக்கும். எரித்ததால் யாருக்கு என்ன?

மா. 5. மழை மறுபடி. கமலா வந்து நேராகச் சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். சிறிது நேரத்தில் சரோஜா வாசலில். தலையில் பிளாஸ்டிக் பை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"கிராணியாரே, சேகரு சொன்னான், சொல்லிட்டுப் போறான். மண்டோரு, அவன் வேல அது. எத்தன பேருன்னும் நான் கேக்கல." நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "எங்கூட நின்னு பறிச்சவ, எங்கூட ஒக்காந்து சாப்டவ யாராச்சும் என் பேர எழுதினாளா? அத மட்டும் சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, நான் நிம்மதியா எம்மக வீட்டுக்குக் கம்போங் ராஜா போயிருவேன்."

சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

"நான் எதையும் படிக்கவில்லை, சரோஜா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்தபடி படியிறங்கிப் போனாள்.

திரும்பினேன். கமலா கதவருகில் நின்றுகொண்டிருந்தாள்.  இதை எழுதும்போதும் அங்கேயேதான் நிற்கிறாள்.