இரண்டு விரலும் ஒரு ஓகேயும்

என்னங்க,

நீங்களும் அத்தையும் சின்னவளும் சுகந்தானே? உங்கள் முதுகுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

பாஷை தெரியாத இந்த நாட்டுச் சலவைக்கூடத்தில் ஒரே வார்த்தையில் என் பிழைப்பு ஓடுகிறது. வந்தால் ஓகே, போனால் ஓகே, சூப்பர்வைசர் திட்டினாலும் ஓகே. வாயாடி என்று பேரெடுத்தவள் நான். சிரிக்காதீர்கள்.

படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் விடுவோம். விரலை எடுத்ததும் நான் ஓகே சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் எதிரே நிற்கிற நம்ம தமிழ்க்கார அக்கா, உருளையைச் சுற்றவிடும் மிதியைக் காலால் அழுத்துவாள். செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் பின்னாலிருந்து "ஓகேவா?" என்றார். விரலை எடுக்காமலே, பழக்கதோஷத்தில் "ஓகே" என்றேன். அக்கா அழுத்திவிட்டாள்.

இடது கையில் இரண்டு விரல்தான் வெந்தது. எழுதுகிற கைக்கு ஒன்றுமில்லை. "நீ சொன்னேன்னுதானேடி அழுத்தினேன்" என்று அக்காதான் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கட்டுப் போட்ட நர்ஸ் "ஓகேவா?" என்று கேட்டதற்கும் ஓகே என்றேன். மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

நான் கிளம்பிய அன்று அவிழ்த்துப் போட்ட நூல்புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள், விரலில் சுற்றிக்கொள்ள. துவைக்க வேண்டாம். துவைத்த துணி இங்கே மலையாகக் கிடக்கிறது.

மணி அடித்துவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்ததும் "ஓகேவா?" என்பீர்களே, அதை மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் அதே பதில்தான் வரும்.

உங்கள்
வாயாடி