இன்ஜினை மாற்றுவதா, காரை விற்பதா?

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலமா? உன் முதுகுவலி குறைந்ததா?

நம் காரின் இன்ஜின் போய்விட்டது, மாற்றலாமா, விற்றுவிடலாமா என்று போனில் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள், "அதுவரைக்கும் என் அத்தை மகன் புதுக் கார்ல தினமும் ஆபீஸ்ல விடுறேன்னு சொல்லிட்டாருங்க" என்றாய். என் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கட்டைவிரலில் விழுந்தது. லேசான வீக்கம்தான், பயப்படாதே. உனக்கு முதலில் பேசிய மாப்பிள்ளை அவன்தான் என்பதை நான் மறக்கவில்லை.

பட்டறை மேஸ்திரியிடம் யோசனை கேட்டேன். பதினாறு வருஷ வண்டி, அடிச்சட்டமெல்லாம் துரு என்று நான் சொன்னதும், "வேற யாராவது கேட்டா நீ என்னய்யா சொல்லுவ?" என்றார்.

"வித்துடுன்னுதான் சொல்லுவேன்."

"அப்புறம் என்ன?"

"வித்துட்டா அவ அவன் கார்லதானே போவா?"

அவர் சிரித்த சிரிப்பில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு தூரம் வந்து ஊரார் வண்டிக்கெல்லாம் இன்ஜின் மாற்றுகிறேன். உன்னை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. வயிறு எரிகிறது, உன்னிடம் ஒளிப்பானேன்?

ஆனாலும் துருப்பிடித்த சட்டத்தில் புது இன்ஜினை மாட்டி உன்னையும் பாப்பாவையும் ஏற்றிவிட மனம் வரவில்லை. விற்றுவிடு. நான் வந்ததும் வேறு பார்ப்போம்.

இந்தப் பக்கம் வருகிறவர் யாரிடமாவது ஒரு போர்வை கொடுத்தனுப்பு. புதிது வேண்டாம், நீ போர்த்துவதே போதும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. அவன் காரிலேயே போ. பின் சீட்டில் உட்கார்.

உன்னவன்